வீட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை. செந்தூலில் வாடகைக்குக் குடியிருக்கும் ஒரு குடும்பம் சொந்த வீடு பார்க்கக் கிளம்புகிறது. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டாம் படிவத்தில் படிக்கும் மகள், தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகன் என ஐந்து பேர். நெடுஞ்சாலையில் வாகனங்கள் அதிகமில்லை. முக்கால் மணி நேரத்தில் கார் காஜாங்கைத் தாண்டிச் செமினியை அடைந்துவிடுகிறது. புதிய வீடமைப்புப் பகுதி, இரண்டு மாடி வீடு, நான்கு அறைகள், வாசலில் செடி வைக்க இடம். அப்பாவின் முகம் மலர்கிறது. அம்மா சமையலறையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்கிறார். தம்பி மாடிக்கு ஓடித் தனக்கென்று ஓர் அறையைப் பிடித்துக்கொள்கிறான்.

பாட்டி மட்டும் வாசலில் நின்று தெருவைப் பார்க்கிறார்.

"ஏம்ப்பா, இங்கேருந்து கடைக்கு எப்படிப் போறது?"

"காருல அஞ்சு நிமிஷந்தாம்மா."

"கிளினிக்குக்கு?"

"அதுவும் காருதாம்மா. பக்கந்தான்."

"காரை எடுத்துக்கிட்டு நீ வேலைக்குப் போயிட்டா?"

அப்பாவிடம் உடனே சொல்லப் பதில் இல்லை. வீடு விற்பவர் தந்த விளம்பரத் தாளிலும் அதற்கு விடை இல்லை. அதில் அறைகளின் அளவு இருக்கிறது. மாதத் தவணை இருக்கிறது. நகர மையத்திற்கு எத்தனை நிமிடம் என்பதுகூட இருக்கிறது. கார் இல்லாதவருக்கு எத்தனை நிமிடம் என்பது மட்டும் இல்லை.

இக்குடும்பம் ஓர் எடுத்துக்காட்டுதான். ஆனால், கிள்ளான் பள்ளத்தாக்கில் வாரந்தோறும் எத்தனையோ குடும்பங்கள் இப்படி வீடு பார்க்கப் போகின்றன. பெரும்பாலும் வீட்டைப் பார்க்கிறார்கள், ஊரைப் பார்ப்பதில்லை. அப்படிப் பார்ப்பவர்களும் காரில் உட்கார்ந்தபடியே பார்க்கிறார்கள். எந்தப் புறநகரில் குடியேறுவது என்பதைக் கார் ஓட்டுபவரின் வசதியைக் கொண்டு முடிவு செய்யக் கூடாது. வீட்டில் கார் ஓட்டாதவர் அந்த ஊரில் எப்படி வாழ்வார் என்பதையே முதல் கேள்வியாக வைக்க வேண்டும்.

கோலாலம்பூரைச் சுற்றிப் புறநகர்கள் வளர்ந்த வரலாறு இதைப் புரிந்துகொள்ள உதவும். 1950களில் நகரின் நெரிசலைக் குறைக்கப் பெட்டாலிங் ஜெயா உருவாக்கப்பட்டது. 1974இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் ஆனது. அதன்பின் 1978இல் ஷா ஆலாம் சிலாங்கூரின் தலைநகரானது. சுபாங் ஜெயா, பூச்சோங், பண்டார் உத்தாமா போன்ற பகுதிகளில் ஒரு காலத்தில் இரப்பர் மரங்களும் செம்பனை மரங்களுமே நின்றன. அந்தத் தோட்டங்கள் இன்று இல்லை. அவற்றின் பெயர்கள் மட்டும் தமிழ்ப்பள்ளிகளில் நிலைத்திருக்கின்றன. சீபீல்டு, எபிங்ஹாம், கின்ராரா, காசல்பீல்டு என்னும் பள்ளிப் பெயர்களைக் கேட்டால் எந்தத் தோட்டத்தின்மீது எந்த ஊர் எழுந்தது என்பது விளங்கும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கோலாலம்பூரில் ஏறக்குறைய 20 இலட்சம் பேரும், அதைச் சூழ்ந்துள்ள சிலாங்கூர் மாநிலத்தில் ஏறக்குறைய 70 இலட்சம் பேரும் வாழ்ந்தார்கள்.

அன்றைய தோட்டத்தில் வீடு சிறியது, வருமானம் குறைவு, வாழ்க்கை கடினமானது. அதை யாரும் மறுக்க முடியாது. எனினும் பள்ளி, கோயில், மளிகைக் கடை, வேலைத்தளம், உறவினர் வீடு எல்லாம் நடந்து போகும் தூரத்திலேயே இருந்தன. பாட்டி யார் துணையும் இல்லாமல் கோயிலுக்குப் போய்வந்தார். பிள்ளைகள் தாங்களாகவே பள்ளிக்கு நடந்தார்கள். பல புதிய புறநகர்களில் நிலைமை நேர்மாறானது. வீடு பெரியது, ஆனால், வாசலைத் தாண்டினால் கார் தேவை. வீடமைப்புப் பகுதி ஓரிடம், கடைவரிசை ஓரிடம், பள்ளி ஓரிடம், இவற்றுக்கிடையே நடைபாதை இல்லாத பெரிய சாலை என்று ஊர் பிரிந்து கிடக்கிறது.

அப்படியிருந்தும் மக்கள் ஏன் தொலைவில் வீடு வாங்குகிறார்கள்? காரணம் எளிது. நகரத்தை விட்டு விலக விலக, அதே பணத்திற்குப் பெரிய வீடு கிடைக்கிறது. 'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்ற பழமொழி இன்றும் பொய்யாகவில்லை. வாழ்நாளில் ஒருமுறை வாங்கும் வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய சிறு அடுக்குமாடி வீடாக இல்லாமல் மண்ணில் நிற்கும் வீடாக இருக்க வேண்டும் என்று பெற்றோர் விரும்புவது இயல்பே. பிள்ளைகளுக்குத் தனித்தனி அறை வேண்டும். தீபாவளிக்கு உறவினர் வந்தால் தங்க இடம் வேண்டும். இந்த ஆசையில் தவறேதும் இல்லை. கணக்குப் பார்க்கும் முறையில்தான் தவறு இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கு. ஞாயிறு காலையில் முக்கால் மணி நேரம் எடுத்த பயணம், திங்கள் காலை ஏழு மணிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போகவர மூன்று மணி நேரம். மாதத்திற்கு 22 வேலை நாள்கள் என்றால் 66 மணி நேரம். ஆண்டுக்கு 792 மணி நேரம். அதாவது, இரவும் பகலுமாக முழு 33 நாள்கள் சாலையிலேயே கழிகின்றன. வேலைக்குப் போக அரை மணி நேரம் மட்டும் ஆகும் இடத்தில் குடியிருந்தால் இது 11 நாள்களாகக் குறையும். மீதமுள்ள 22 நாள்கள் யாருடையவை? மகளின் கணக்குப் பாடத்திற்கு உதவ வேண்டிய நேரம் அது. பாட்டியோடு பேச வேண்டிய நேரம். அப்பா உறங்க வேண்டிய நேரம். பெரிய வீட்டை வாங்கிவிட்டு, அதில் வாழும் நேரத்தை விலையாகக் கொடுப்பது சிக்கனம் ஆகாது.

அடுத்தது பணக் கணக்கு. குறைந்த மாதத் தவணை கண்ணுக்குத் தெரிகிறது. கூடும் செலவு தெரிவதில்லை. போகும்போது 3 ரிங்கிட், திரும்பும்போது 3 ரிங்கிட் சாலைக் கட்டணம் என்றாலே 22 நாள்களுக்கு 132 ரிங்கிட் ஆகிவிடும். அதோடு பெட்ரோல், கார் நிறுத்தும் கட்டணம், பழுதுபார்க்கும் செலவு ஆகியவை சேரும். எல்லாவற்றையும்விடப் பெரியது இரண்டாவது கார். அப்பா ஒரு காரை எடுத்துச் சென்ற பிறகு அம்மா வேலைக்குப் போக இன்னொன்று வேண்டும். வீட்டுத் தவணையில் மிச்சம் பிடித்த பணம் கார்த் தவணைக்குப் போய்விடுகிறது. வீட்டுக்கடன் 35 ஆண்டுகள்வரை நீளக்கூடியது. அத்தனை ஆண்டுகளுக்கும் இந்தச் செலவும் கூடவே வரும்.

நேரமும் பணமும் எண்ணிக் கணக்கிடக் கூடியவை. எண்ணிப் பார்க்கப்படாத ஒன்று, வீட்டில் இருப்பவர்களின் சுதந்திரம். மலேசியாவில் 17 வயது நிறையும்வரை கார் ஓட்டும் உரிமம் பெற முடியாது. ஆகவே, இடைநிலைப்பள்ளி மாணவர்கள் ஏறக்குறைய எல்லாருமே கார் ஓட்டாதவர்கள்தாம். செமினி வீட்டில் குடியேறினால், இரண்டாம் படிவ மகள் நூலகத்திற்குப் போவதும், தோழியின் வீட்டிற்குப் போவதும், புறப்பாட நடவடிக்கைக்கு நின்றுவிட்டுத் திரும்புவதும் இன்னொருவர் வந்து ஏற்றிச் செல்வதைப் பொறுத்தே அமையும். பள்ளி வேன் வகுப்பு முடிந்ததும் போய்விடும். மாலைப் பயிற்சிக்காகக் காத்திருக்காது. பூப்பந்து அணியில் சேர அவளுக்குத் திறமை இருக்கலாம். வீடு திரும்ப வழி இருக்க வேண்டுமே!

பாட்டியின் நிலையும் அதுதான். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு ரிங்கிட் கட்டணத்தில் சிகிச்சை கிடைக்கிறது. அங்குப் போய்வர வாடகைக் காருக்கு அதைப் போலப் பல மடங்கு கொடுக்க வேண்டும் என்றால், அந்த மலிவான சிகிச்சையால் அவருக்கு முழுப் பயன் இல்லை. கைப்பேசியில் வாடகைக் கார் அழைக்கத் தெரியாத முதியவர், மாத்திரை வாங்கவும் மகனின் விடுமுறை நாளுக்குக் காத்திருப்பார். செந்தூலில் தானே நடந்து கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தவர் அவர். புது வீட்டில் சன்னலருகே உட்கார்ந்து கார் வரும் சத்தத்திற்குக் காது கொடுப்பவராக மாறிவிடுகிறார். வீட்டின் பரப்பளவு கூடுகிறது. அவருடைய உலகம் சுருங்குகிறது.

கார் இல்லாமலும் வாழலாம் என்பதற்குக் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே வழிகள் உண்டு. 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட காஜாங் எம்.ஆர்.டி. பாதை, காஜாங்கையும் செராசையும் நகர மையத்தோடு இணைத்தது. 2023 மார்ச்சில் முழுமைபெற்ற புத்ராஜெயா பாதை, நகரின் வடக்கையும் தெற்கையும் இணைக்கிறது. மாதத்திற்கு 50 ரிங்கிட் செலுத்தினால் எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேப்பிட் கே.எல். பேருந்து ஆகியவற்றில் எத்தனை முறை வேண்டுமானாலும் பயணம் செய்யும் அட்டையும் குடிமக்களுக்கு உண்டு. மேலே கண்ட 132 ரிங்கிட் சாலைக் கட்டணத்தோடு இந்த 50 ரிங்கிட்டை ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்.

ஆனால், நிலையத்திற்கு அருகில் என்னும் சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. வரைபடத்தில் 800 மீட்டர் தூரம் என்று காட்டும் நிலையத்திற்கும் வீட்டிற்கும் இடையே எட்டு வழி நெடுஞ்சாலை ஓடலாம். நடைமேம்பாலம் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம். நடைபாதை பாதியில் முடிந்து வடிகால் தொடங்கலாம். நண்பகல் வெயிலிலும் மாலை மழையிலும் அந்த வழியே ஒருவர் புத்தகப்பையோடு நடக்க முடியுமா என்பதே கேள்வி. அதை அறிய ஒரே வழி, நடந்து பார்ப்பதுதான்.

பள்ளியும் இக்கணக்கில் சேர வேண்டும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், எல்லாப் புறநகர்களிலும் ஒன்று இருப்பதில்லை. வெளிச்சம் வருமுன் எழுந்து வேனில் ஏறும் சிறுவன் வகுப்பில் தூங்கி வழிகிறான். சில பெற்றோர் அந்தச் சிரமம் வேண்டாம் என்று அருகிலுள்ள வேறு பள்ளியில் சேர்த்துவிடுகிறார்கள். இடைநிலைப்பள்ளியிலோ, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தமிழ்மொழி வகுப்பு நடத்தக் கோர முடியும். தமிழ் மாணவர்கள் அங்கொருவரும் இங்கொருவருமாகச் சிதறி வாழும் ஊரில் அந்தப் பதினைந்து பேர் சேர்வது எளிதன்று. குடியேறும் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது, பிள்ளை எஸ்.பி.எம். தேர்வில் தமிழ் எழுதுமா என்பதையும் பெற்றோர் அறியாமலே தீர்மானித்துவிடக்கூடும்.

இன்னொன்று, நிலத்தின் இயல்பு. 2021 டிசம்பரில் பெய்த தொடர்மழையால் ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடா வெள்ளத்தில் மூழ்கியது. மக்கள் வீட்டின் மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்காகக் காத்திருந்தார்கள். தாழ்வான நிலம் எது, ஆறு எவ்வளவு அருகில் ஓடுகிறது என்பவை வெயில் காயும் ஞாயிற்றுக்கிழமையில் தெரியாது. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று பெரியோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இவ்வளவும் சொன்னால், நகரத்திற்கு அருகிலிருக்கும் இடமெல்லாம் நல்லது, தொலைவிலிருப்பதெல்லாம் கெட்டது என்று பொருளாகுமா? ஆகாது. நிலையத்தின் அருகிலிருக்கும் பழைய அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதானால், ஒன்பதாவது மாடியில் இருக்கும் பாட்டி கைதிபோல் ஆகிவிடுவார். இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் நெருங்கி வாழ்வதும் எளிதன்று. தொலைவிலிருக்கும் சில ஊர்கள் கார் ஓட்டாதவருக்கு மிகவும் ஏற்றவை. நகர மையத்திலிருந்து 30 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள கிள்ளான் பழைய ஊர். கொமுட்டர் இரயில் நிலையம், தெங்கு கிளானா சாலையின் துணிக்கடைகள், பூக்கடைகள், உணவகங்கள், கோயில் எல்லாம் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. தொலைவு என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை. ஒருவர் தாமாகவே போய்வர முடிகிறதா என்பதிலும் இருக்கிறது.

தேர்ந்தெடுக்கும் வசதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை என்பதும் உண்மை. தோட்டங்கள் மூடப்பட்டபோது வெளியேறிய குடும்பங்கள் பல, கிடைத்த இடத்தில் குடியேறின. இன்றும் கையில் இருக்கும் பணம் ஓர் ஊரை மட்டுமே காட்டும் குடும்பங்கள் உள்ளன. அவர்களைப் பார்த்து 'ஏன் இங்கு வந்தீர்கள்?' என்று கேட்பது நியாயமன்று. அவர்கள் வாழும் ஊரில் நடைபாதை, பேருந்து, கிளினிக் ஆகியவை கிடைக்கச் செய்வது அரசாங்கத்திற்கும் ஊராட்சி மன்றத்திற்கும் உள்ள கடமை. சிலாங்கூரில் 2015இல் தொடங்கிய இலவசப் பேருந்துச் சேவை இத்திசையில் ஒரு நல்ல அடி. மக்கள் கேட்கக் கேட்கத்தான் இத்தகைய சேவைகள் வளரும். கார் ஓட்டாதவர்களின் தேவையை வீட்டிலேயே யாரும் பேசாவிட்டால், மன்றத்தில் யார் பேசுவார்கள்?

தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உள்ள குடும்பம் செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ஒரே ஊரை மூன்று வேளைகளில் பார்க்க வேண்டும். வேலைநாள் காலை ஏழு மணிக்கு ஒருமுறை. கனமழை பெய்து ஓய்ந்த பின் ஒருமுறை. இரவு எட்டு மணிக்குப் பிறகு ஒருமுறை. மூன்று முறையும் காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். வீட்டிலேயே மெதுவாக நடப்பவர் யாரோ, அவரையும் அழைத்துச் செல்ல வேண்டும். அவர் களைப்படையும் இடம்வரைதான் அந்த ஊர் அவருக்குச் சொந்தம். அங்குள்ள மளிகைக் கடைக்காரரிடமும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவரிடமும் பேச வேண்டும். பேருந்து எத்தனை மணிக்கு ஒருமுறை வருகிறது, தண்ணீர் எதுவரை ஏறியது என்பவை விளம்பரத் தாளைவிட அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

இதில் மாணவர்களும் பங்கேற்கலாம். வீடு வாங்குவது பெரியவர்களின் பேச்சு என்று ஒதுங்கி நிற்கத் தேவையில்லை. அந்த வீட்டில் வளரப்போகிறவர்கள் அவர்கள்தாமே! செந்தூல் குடும்பத்தின் மகள் அதைத்தான் செய்தாள். ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு வாரத்தில் வீட்டில் யார் யார் எங்கெங்கே போகிறார்கள், எதில் போகிறார்கள், யார் துணையோடு போகிறார்கள் என்று எழுதினாள். வார முடிவில் கூட்டிப் பார்த்தபோது 58 பயணங்கள் இருந்தன. அவற்றுள் 37 பயணங்கள் பாட்டி, அவள், தம்பி ஆகிய மூவரும் நடந்தோ பேருந்திலோ போய்வந்தவை. செமினிக்குப் போனால் அந்த 37 பயணங்களும் அப்பாவின் கையிலோ அம்மாவின் கையிலோ வந்து சேரும். அல்லது நடக்காமலே நின்றுவிடும்.

அப்பா அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வீடு பார்க்கப் போவது உறுதியாயிற்று. காஜாங் நிலையத்தின் அருகே மூன்று அறை கொண்ட ஒரு பழைய வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். அது பொருத்தமாக இருக்குமோ இருக்காதோ, போய்ப் பார்த்தால்தான் தெரியும். இம்முறை கார் செந்தூலிலேயே நின்றது. ஐவரும் இரயிலில் போனார்கள். நிலையத்திலிருந்து அந்த வீட்டிற்கு, பாட்டி முன்னால் நடந்தார்.